நிலத்திற் செல்லும் படகு

வள்ளுவப் பெருந்தகையார் இடனறிதல் என்னும் அதிகாரத்தில் ஓர் அரிய உண்மையை உவமை முகத்தால் விளக்குகின்றார். வலிய உருளைகளையுடைய பெருந்தேர் கடலில் ஓடமாட்டாது. கடலில் ஓடும் கப்பலும் நிலத்தில் ஓடமாட்டாது என்பதே அது. மயிலாப்பூரே அவர்தம் ஊர் என்பது வழிவழி வரும் மரபு. அப்பெரியார் இன்று அடையாற்றங்கரைச் சாலையில் ஒரு படகு வண்டியேறி வருவதைக் காண்பாராயின் புன்முறுவல் பூப்பாரேயன்றித் தம் உரையை மாற்றிக்கொள்ளார். ஏனெனில், படகு நிலத்தில் தானே ஓடுவதில்லை. அதனைத் தாங்கவும் இழுக்கவும் நிறுத்தவும் வேறொரு வண்டி வேண்டியிருக்கின்றது. நெடுந்தொலைவு படகு கொண்டு செல்ல விழைவோர் எத்தகைய வண்டியைத் தெரிந்துகொள்ளுதல் வேண்டும் என்பதை ஈண்டு ஒருசிறிது ஆராய்வாம்.

தமிழ் பயிலும் மாணவனுக்கு இவ்வாராய்ச்சி எற்றுக்கு என்று நண்பர்கள் வினவக்கூடும். அவர்களுக்கு யான் கூறும் விடை என் இளமைக்காலத்து நிகழ்ச்சியொன்றாகும். 2015-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் முதல் நாள், பெருமழையினால் நிரம்பிய செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து நொடிக்கு 29,000 கன அடி நீர் அடையாற்றில் திறந்துவிடப்பட்டது. மறுநாட் காலையில் கோட்டூர்புரத்தில் எங்கள் வீட்டின் கீழ்த்தளம் நீருள் மறைந்திருந்தது. மேற்றளத்தில் நீரிழிவு நோயுடைய என் பாட்டியார் மருந்தின்றிக் கிடந்தார். செய்தியறிந்த மீனவர் சிலர் கடற்கரைக் குப்பத்திலிருந்து தம் படகைச் சிறு லோடு வண்டியொன்றில் ஏற்றிக்கொண்டு புறப்பட்டனர். வண்டியின் தளமோ சிறிது, படகோ நெடிது. படகின் பின்பாதி எஞ்சினோடு வெளியே நீண்டு கிடந்தது. ஒரு மேட்டில் ஏறுங்கால் வண்டியின் முன் சக்கரங்கள் தரையை விட்டு எழுந்தன. ஸ்டீயரிங் கைக்கு அடங்கவில்லை. பின்னர்ப் படகை இறக்கி, வழியிற் சென்றோரையும் துணைக்கொண்டு, கட்டைகளின்மேல் உருட்டியும் தோளிற் சுமந்தும் நீர் நின்ற இடத்தை அடைந்தனர். காலையில் வரவேண்டிய படகு மாலையில் வந்தது. பாட்டியார் மயங்கிய நிலையில் ஏற்றப்பட்டார். இறைவன் அருளாற் பிழைத்தார். அன்று படகோட்டி வந்த முதியவர் என்னை நோக்கி, "இழுக்குமான்னு மட்டும் பார்த்தோம், தம்பி, தாங்குமான்னு பார்க்கலே" என்று கூறிய மொழி இன்றும் என் செவியில் ஒலிக்கின்றது. அம்மொழியே இக்கட்டுரைக்கு வித்து.

இஃது ஒரு தெருவின் செய்தியன்று. 2018-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களிற் கேரள நாட்டைப் பெருவெள்ளம் சூழ்ந்தபொழுது, கொல்லம், திருவனந்தபுரம் முதலிய கடற்கரைகளின் மீனவர் தம் படகுகளை லாரிகளில் ஏற்றிச் செங்கன்னூர் முதலிய உள்நாட்டு ஊர்களுக்கு விரைந்தனர். ஏறத்தாழ 4,500 மீனவர் 669 படகுகளோடு சென்று 65,000 மக்களுக்குக் குறையாமற் காத்தனர் என்று அந்நாட்டு அரசு கணக்கிட்டது. 2023-ஆம் ஆண்டு டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் நம் நகரின் வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பகுதிகளிற் படகுகள் தெருவில் ஓடின. ஆதலின், படகை நிலத்தின் வழியே கொண்டு செல்லும் கலை செல்வரின் விளையாட்டு மட்டுமன்று. உயிர் காக்கும் கலையுமாம்.

இனி, வண்டியைத் தெரியும் முறை யாது? வலியறிதல் என்னும் அதிகாரத்தில் வள்ளுவர், ஒரு செயலிற் புகுவோன் செயலின் வலி, தன் வலி, பகைவன் வலி, துணைவர் வலி என்னும் நான்கினையும் சீர்தூக்கவேண்டும் என்கின்றார். அரசர்க்குக் கூறிய இந்நான்கும் வண்டிக்கும் பொருந்துமாற்றைக் காண்பாம்.

1. வினைவலி

செயலின் வலியாவது ஈண்டுச் சுமையின் அளவு. வண்டி வாங்கப் புகுவோர் பலர் வண்டியிலிருந்து தொடங்குகின்றனர். படகிலிருந்து தொடங்குதலே முறை. படகின் எடையென்று விற்போர் கூறுவது பெரும்பாலும் வெறும் உடலின் எடையாகும். எஞ்சின், எரிபொருள், நங்கூரம், கயிறு, படகைத் தாங்கும் டிரெய்லர் ஆகியவற்றையும் கூட்டுதல் வேண்டும். எடுத்துக்காட்டாகப் படகு 900 கிலோ, எஞ்சின் 50 கிலோ, எரிபொருளும் கருவிகளும் 100 கிலோ, டிரெய்லர் 400 கிலோ என்று கொள்வோம். மொத்தம் 1,450 கிலோவாகின்றது. படகினுள் மழைநீர் தேங்குமாயின் லிட்டருக்கு ஒரு கிலோ வீதம் மேலும் ஏறும். ஐயமறத் தெளிய விரும்புவோர் லாரிகளை நிறுக்கும் எடை மேடைக்குச் சென்று ஒருமுறை நிறுத்துப் பார்த்தல் நன்று. மயிற்பீலியேயாயினும் அளவிறந்து ஏற்றின் அச்சு முறியும் என்று அதே அதிகாரம் எச்சரிப்பதை மறத்தலாகாது.

எடை மட்டுமே சுமையன்று, நீளமும் சுமையே. இதற்கு அடையாற்றங்கரையிலேயே சான்று உண்டு. 1867-ஆம் ஆண்டிற் றோன்றிய மதராஸ் படகுச் சங்கத்தார் துடுப்புப் பந்தயப் படகுகளை அவ்வாற்றில் ஓட்டி வருகின்றனர். எண்மர் துடுப்பு வலிக்கும் பந்தயப் படகின் எடை, உலகப் பந்தய விதிப்படி 96 கிலோவுக்குக் குறையாதிருந்தாற் போதும். அஃதாவது ஆடவர் இருவரின் எடைக்கும் குறைவு. ஆனால் அதன் நீளம் ஏறத்தாழ 17 மீட்டர்! எடையை மட்டும் நோக்கின் அதனை எந்தச் சிறு வண்டியும் தாங்கும். நீளத்தை நோக்கின் எந்தச் சிறு வண்டியும் ஏற்காது. ஆதலின் அத்தகைய நெடும் படகுகளைத் துண்டுகளாகப் பிரித்துப் பூட்டுமாறும் செய்கின்றனர். மேலும், வண்டியின் எல்லைக்கு வெளியே அளவு கடந்து நீண்ட சுமைக்கு 20,000 ரூபாய் தண்டம் என்று 2019-ஆம் ஆண்டிற் றிருத்தப்பெற்ற மோட்டார் வாகனச் சட்டம் விதிக்கின்றது.

2. தன்வலி

இனி வண்டியின் வலியைக் காண்பாம். நம் நகரத் தெருக்களில் மக்கள் 'குட்டி யானை' என்று வழங்கும் டாட்டா ஏஸ் 2005-ஆம் ஆண்டில் வெளிவந்தது. ஏறக்குறைய முக்கால் டன் சுமைக்கென்று எழுந்த அவ்வண்டி காய்கறிக்கும் தட்டுமுட்டுப் பொருள்களுக்கும் உற்ற துணை. நெடும் படகு அதன் தொழிலன்று. அடுத்த வகையின, 2011-ஆம் ஆண்டில் வெளிவந்த அசோக் லேலண்டு தோஸ்து, மகீந்திரா பொலேரோ பிக்கப் முதலியன. இவை ஒரு டன்னுக்கு மேற்பட்ட சுமையைத் தம் முதுகில் தாங்குவன. மூன்றாவது வகையின, இருவரிசை இருக்கையும் நான்கு சக்கர உந்துதலும் உடைய இசுசூ டி-மேக்ஸ் வி-கிராஸ், டொயோட்டா ஹைலக்ஸ் போன்றவை.

இவற்றுள் ஒன்றைத் தெரியுங்கால் எஞ்சினின் குதிரைத்திறனைக் கேட்டு மயங்குதல் கூடாது. அடிச்சட்டம் ஏணி வடிவினதாய்த் தனித்து நிற்றல் வேண்டும். இழுக்கும் கொக்கி அச்சட்டத்திற் பூட்டப்பெறுதல் வேண்டும். வெறும் பம்பரிற் பூட்டிய கொக்கி அழகுக்கேயன்றித் தொழிலுக்கு உதவாது. குறைந்த சுழற்சியிலேயே மிகுந்த திருப்புவிசை தரும் டீசல் எஞ்சின் ஏற்றத்திற் படகோடு புறப்படுதற்கு ஏற்றது. நான்கு சக்கர உந்துதலும், மிகத் தாழ்ந்த கியர் வரிசையும் ஈரமணலிலும் படகிறக்கும் சரிவிலும் பயன்படும்.

இவற்றினும் இன்றியமையாதது கணக்கு. வண்டி தாங்கும் சுமை வேறு. இழுக்கும் சுமை வேறு. டிரெய்லரின் முன்முனை கொக்கியின்மேல் ஒரு பாரத்தை அழுத்துகின்றது. அது டிரெய்லரின் முழு எடையில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு இருத்தல் நலம். முற்கூறிய 1,450 கிலோவில் அது 145 கிலோ. இப்பாரம் வண்டி தாங்கும் சுமையிற் சேர்ந்ததேயாகும். ஐவர் ஏறினால் 350 கிலோ. அவர்தம் பொருள்கள் 100 கிலோ. எனவே, படகு பின்னே வரினும், வண்டியின் முதுகில் முன்னரே 595 கிலோ ஏறிவிட்டது. இழுக்கும் அளவினைச் செய்தோர் தரும் கையேட்டிற் காணுதல் வேண்டும். நம் நாட்டில் விற்கும் எல்லா வண்டிகளுக்கும் அவ்வெண் குறிக்கப்பெறுவதில்லை. பிறநாட்டில் அதே பெயருடைய வண்டிக்குக் கூறிய எண்ணை ஈண்டு ஏற்றிக் கூறுதல் பிழை. எண் கிடைத்த வழியும் ஐந்தில் ஒரு பங்கை மிச்சமாக விட்டு ஏற்றுதலே அறிவுடைமை.

3. மாற்றான்வலி

பகைவராவார் ஈண்டு மேடு, காற்று, வேகம், நீர் என்னும் நால்வர்.

மேட்டினும் கொடிது பள்ளம். தருமபுரிக்கும் சேலத்துக்கும் இடையேயுள்ள தொப்பூர்க் கணவாயில் இறங்கும் லாரிகள் பிரேக்கு இழந்து மோதிய விபத்துக்கள் பல. இறக்கத்தில் எரிபொருளை மிச்சம் பிடிக்கக் கருதி நியூட்ரலில் விடுவோர்க்கு எஞ்சினின் தடை கிடைப்பதில்லை. பிரேக்குகள் தனித்து உழைத்துச் சூடேறித் தம் பிடியை இழக்கின்றன. எனவே ஏறிய கியரிலேயே இறங்குக என்பது பழைய ஓட்டுநரின் பொன்மொழி.

காற்றோ, கிழக்குக் கடற்கரைச் சாலையிற் செல்வோர்க்குப் பக்கத்திலிருந்து தாக்கும் பகை. டிரெய்லரின் பின்பக்கம் பாரம் மிகுமாயின் அது பாம்பு நெளிவதுபோல் இருபுறமும் ஆடத் தொடங்கும். அப்பொழுது வேகத்தை மிகுப்பதும் பிரேக்கைத் திடீரென அழுத்துவதும் கேட்டுக்கு வழி. ஆக்ஸிலேட்டரை மெல்ல விடுத்து, ஸ்டீயரிங்கை நேரே பற்றியிருத்தலே வழி.

வேகத்தின் பகைமையைக் கணக்கே காட்டும். ஓடும் பொருளை நிறுத்துதற்கு அழிக்கவேண்டிய ஆற்றல் எடைக்கு ஏற்ப ஏறும். வேகத்துக்கோ அதன் இருமடிக்கு ஏற்ப ஏறும். 1,900 கிலோ எடையுள்ள வண்டி, ஆளும் பொருளுமாக 450 கிலோவும் டிரெய்லரொடு 1,450 கிலோவும் சேர்ந்து 3,800 கிலோ ஆகின்றது. எடை இருமடங்கு. 40 கிலோமீட்டர் வேகம் 80 ஆயின் ஆற்றல் நான்மடங்கு. இரண்டும் கூடின் எண்மடங்கு! இழுத்தல் எளிது, நிறுத்தல் அரிது என்பது இதனால் வெள்ளிடைமலை.

நீரும் ஒரு பகையாதல் வியப்பே. நெடுந்தொலைவு ஓடிவந்த டிரெய்லரின் சக்கர நடுவகம் சூடேறியிருக்கும். வந்தவுடன் அதனை நீரில் இறக்கின், உள்ளே விரிந்திருந்த காற்றுச் சுருங்கி நீரை உறிஞ்சும். பேரிங்குகள் துருவேறி, திரும்பும் வழியில் முறியும். ஆதலின் சூடாறும்வரை காத்திருந்து இறக்குக. கடல்நீராயின் பின்னர் நன்னீரால் கழுவுக.

4. துணைவலி

துணையாவன டிரெய்லர், அதன் பிரேக்கு, சங்கிலி, விளக்கு, உடன்வரும் மாந்தர் ஆகியோர். மயிலைப் பங்குனித் திருவிழாவில் கபாலீச்சுரத் தேரைக் கண்டவர் இத்துணையின் பெருமையை அறிவர். வடம்பிடித்து இழுப்போர் எண்ணற்றோர். ஆயினும் மாடவீதியின் திருப்பத்தில் அப்பெருந்தேரை அடக்குவது, சக்கரத்தடியில் முட்டுக்கட்டை இடும் சிலரின் கைத்திறமே. அவர் இல்லையேல் ஆயிரவர் வலியும் ஆபத்தே. அம்முட்டுக்கட்டை போன்றது டிரெய்லரின் தனிப் பிரேக்கு. கனமான படகிற்கு அஃதில்லாத டிரெய்லரை எத்துணை மலிவாயினும் கொள்ளற்க. கொக்கி கழன்றவிடத்து உதவ இரு சங்கிலிகள் குறுக்கே பூட்டப்பெறுதல் வேண்டும். டிரெய்லருக்கும் தனிப் பதிவு உண்டென்பதையும் நினைவில் வைத்தல் வேண்டும்.

முடிவுரை

நான்கினையும் தூக்கிப் பார்க்குமிடத்து எய்தும் முடிபு இரண்டு. ஐவரோடு ஒன்றரை டன்னுக்கு உட்பட்ட படகை நெடுஞ்சாலை வழியே, ஐதராபாத்து உசேன் சாகர் ஏரி போன்ற தொலைநீர்நிலைக்கு, ஏறத்தாழ 630 கிலோமீட்டர் கொண்டு செல்ல விரும்புவோர்க்கு, ஏணிச்சட்டமும் டீசல் எஞ்சினும் இருவரிசை இருக்கையும் உடைய பிக்கப் வண்டியே தக்கது. அதற்கு இழுக்கும் அளவு எழுத்தில் இருத்தல் வேண்டும். வெள்ளக் காலத்துக்கோ அதுவும் சிறந்ததன்று. நீர் தேங்கிய குறுந்தெருவில் டிரெய்லரைப் பின்னோக்கிச் செலுத்துதல் அரிது. படகை முழுமையாய்த் தன்மேற் றாங்கும் நீண்ட தளமுடைய லாரியே ஏற்றது. கேரள மீனவர் கண்ட வழியும் அதுவே.

மழைக்காலம் வருமுன்னரே ஒவ்வொரு குப்பத்தாரும் தம் படகின் நீளத்தையும் எடையையும் அளந்து, அதற்கேற்ற வண்டி எவரிடம் உள்ளதென அறிந்து வைத்தல் வேண்டும். அளப்பதற்குத் துணைநிற்க நம் போன்ற மாணவர் ஒரு ஞாயிறு மாலையைச் செலவிடலாம். அளவுகோலும் எடை மேடையும் கேட்பது சிறு பொழுதே. அவற்றை மறந்ததனால் எங்கள் தெரு இழந்தது ஒரு முழுப் பகல். அப்பகலை இனி எவரும் இழவாதிருப்பாராக.