பிள்ளைகளின் பொழுதும் திரையும்

ஒரு நாளுக்கு 24 மணித்தியாலங்களே உள. செல்வர் பிள்ளைக்கு அது கூடுவதுமில்லை. வறியவர் பிள்ளைக்குக் குறைவதுமில்லை. ஆதலால் ஒன்றற்குக் கொடுக்கப்படும் பொழுது வேறொன்றினிடத்திருந்து எடுக்கப்பட்ட பொழுதேயாம். கைத்தொலைபேசி, கணினி, தொலைக்காட்சி என்னும் மூன்றையும் இங்கே திரை என்னும் பொதுப்பெயராற் குறிப்போம். பிள்ளை திரையினெதிரே எத்தனை மணித்தியாலம் இருக்கின்றதென்று வினாவுதல் நன்று. அப்பொழுது எதனிடத்திருந்து எடுக்கப்பட்டதென்று வினாவுதல் அதனினும் நன்று. இவ்விரண்டாம் வினாவையே நாம் ஈண்டு ஆராயப் புகுந்தோம்.

1. திரை வீட்டிற் புகுந்தவாறு

2020 ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்திலே கொரோனா நோய் காரணமாக இலங்கைப் பாடசாலைகள் மூடப்பட்டன. பாடங்கள் சூம் வழியாகவும் வட்ஸ்அப் வழியாகவும் வந்தன. கைத்தொலைபேசியைத் தொடாதே என்று பிள்ளையைத் தடுத்த பெற்றோரே, கடன்பட்டும் அதனை வாங்கிப் பிள்ளையின் கையிற் கொடுத்தனர். 2022 இல் எரிபொருள் தட்டுப்பாட்டினாற் பாடசாலைகள் மூடப்பட்டபோதும் அவ்வாறே நிகழ்ந்தது. அவர்மேற் குற்றமில்லை, கல்விக்கு அப்பொழுது வேறு வழியில்லை. பின்பு பாடசாலைகள் திறந்தன. பிள்ளைகள் வகுப்புக்குத் திரும்பினர். பாடம் வந்த வழியே விளையாட்டும் காணொளியும் வந்து வீட்டிற் குடிகொண்டன. இன்றும் வீட்டுவேலையை வட்ஸ்அப் குழுவில் இடும் ஆசிரியர் பலர். ஆதலால் திரையை முற்றும் ஒழிக்க என்பது கைகூடாத உபதேசமாம். அதன் அளவே ஆராயத்தக்கது.

2. அளவு

உலக சுகாதார ஸ்தாபனம் 2019 இல் வெளியிட்ட வழிகாட்டியின்படி, 2 வயது நிரம்பாத குழந்தைக்குத் திரை வேண்டுவதன்று. 2 முதல் 4 வயது வரையுள்ள பிள்ளைக்கு நாளொன்றுக்கு 1 மணித்தியாலத்தின் மேற்படலாகாது. 5 முதல் 17 வயது வரையுள்ளோருக்கு 2020 இல் வெளியிட்ட வழிகாட்டி, நாடோறும் சராசரி 60 நிமிடமேனும் உடல் உழைப்பு வேண்டுமென்றது. பொழுதுபோக்குத் திரையைக் குறைக்க என்றதன்றி, இத்துணை நேரமென வரையறுத்திலது.

வளர்ந்த பிள்ளைக்கு அளவு காண்பது எங்ஙனமெனின், கூறுவோம். வேண்டியவற்றை முன்னே வைத்து எஞ்சியதை எண்ணுக. பத்து வயதுப் பிள்ளைக்கு நித்திரை 10 மணித்தியாலம். பாடசாலையும் போக்குவரவும் 7. குளிப்பு, உணவு முதலியன 2. வீட்டிற் படிப்பு 2. வெளியில் விளையாட்டு 2. ஆக 23. எஞ்சியது 1 மணித்தியாலமே. திரைக்குரியது அதுவேயாம்.

இக்கணக்கிலே ரியூசன் என்பதற்கு இடமில்லாமையை நோக்குக. ஐந்தாந்தரப் புலமைப்பரிசிற் பரீட்சையை எண்ணி மாலைதோறும் 2 மணித்தியால ரியூசனுக்கு அனுப்பின், அவ்விரண்டும் எங்கிருந்து வரும்? பெரும்பாலும் விளையாட்டினிடத்திருந்தே வரும். பகற்பொழுது முழுவதும் பாடத்துக்குப் போயபின், இருட்டிய பின்னர் இளைத்து வரும் பிள்ளைக்குத் திறந்திருக்கும் விளையாட்டிடம் திரையொன்றே. ஆதலால் திரையை மாத்திரம் குற்றஞ் சாட்டுதல் நடுவுநிலையன்று.

3. மீளாத இழப்பு

பகற்பொழுதை இழத்தலால் விளையுங் கேடுகளுள் மீட்டற்கரியது கண்ணைப் பற்றியது. அண்மைப்பொருள் தெளிவாகவும் சேய்மைப்பொருள் மங்கலாகவுந் தோன்றுதல் குறும்பார்வை எனப்படும். வளரும் பருவத்திலே விழிக்கோளம் அளவுக்கு மிஞ்சி நீளுமாயின், ஒளி விழித்திரையிலே குவியாது அதன் முன்னே குவியும். நீண்ட கோளம் மீண்டுங் குறுகுவதில்லை. கண்ணாடி பார்வையைத் திருத்தும், நீட்சியை மாற்றாது. குறை மிகமிக, முதுமையிலே விழித்திரை கழலுதல் முதலிய இடர்களும் மிகும்.

இந்நீட்சியைத் தடுப்பது பகலொளி. வெளியொளியினால் விழித்திரையிலே டோபமின் என்னும் பொருள் மிகுதியாகச் சுரந்து நீட்சியைத் தணிக்கின்றதென்பது ஆராய்ச்சியாளர் கருத்து. வீட்டுவிளக்கின் ஒளி சில நூறு லக்ஸ் அளவினது. வெளியில் மரநிழலொளியும் அதனிற் பன்மடங்கு பெரிது.

சீனதேசத்துக் குவாங்சோ நகரிலே 12 ஆரம்பப் பாடசாலைகள் பரிசோதனைக்கு எடுக்கப்பட்டன. ஆறு பாடசாலைகளில் முதலாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாடசாலை நாடோறும் 40 நிமிட வெளிக்களப் பாடமொன்று கூட்டப்பட்டது. மற்றை ஆறும் முன்போலவே நடந்தன. 3 ஆண்டுகளிலே, கூட்டாத பாடசாலைகளில் நூற்றுக்கு 39.5 பிள்ளைகளும், கூட்டியவற்றில் 30.4 பிள்ளைகளும் புதிதாகக் குறும்பார்வை உற்றனர். இம்முடிவு 2015 இல் வெளிவந்தது. தைவான் நாடும் 2010 தொடக்கம் நாளொன்றுக்கு 120 நிமிடம் பிள்ளைகளை வெளியில் விட ஏற்பாடு செய்தது.

எமது நாடு வெயில் நாடாதலின் இக்குறை எம் பிள்ளைகளை அணுகாதென்பாருமுளர். சிங்கப்பூர் பூமத்திய ரேகைக்கு அண்மையது. அங்கும் ஆண்டு முழுதும் வெயிலுண்டு. ஆயினும் குறும்பார்வை மலிந்த நாடுகளுள் அதுவுமொன்று. வெயில் முற்றத்திலிருந்து பயனென்? பிள்ளையும் முற்றத்திலிருத்தல் வேண்டும்.

4. கைக்கு வேறொன்று கொடுத்தல்

திரையைப் பறித்து வெறுங்கையாய் விடின், பிள்ளை திரையையே நினைந்திருக்கும். எமது ஊர்களிலே கிளித்தட்டு, பேணிப்பந்து, கிட்டி முதலிய விளையாட்டுக்கள் செலவின்றி ஆடத்தக்கன. இவற்றுள்ளும் பட்டம் சிறந்தது. தைப்பொங்கலன்று வல்வெட்டித்துறைக் கடற்கரையிலே நடைபெறும் பட்டப்போட்டியைக் கண்டோர் அதன் நுட்பத்தை அறிவர். மூங்கிற் சிலாகையை இருபுறமும் ஒத்த கனமாகச் சீவுதல் வேண்டும். ஒருபுறங் கனத்தாற் பட்டம் சாயும். முச்சை பிழைத்தாற் குத்துக்கரணம் போடும். வால் குறைந்தால் நில்லாது சுழலும். பிழை எங்கேயென்று பட்டமே சொல்லும். பிள்ளை இறக்கித் திருத்தி மீண்டும் ஏற்றும். அளவை, நிறை, பொறுமை என்னும் மூன்றும் இங்கே ஏட்டின்றிக் கற்கப்படுகின்றன. கண்ணும் சேய்மையை நோக்கி ஓய்வு பெறுகின்றது. சூரியனை நேரே நோக்கலாகாதென்று மாத்திரம் பிள்ளைக்கு முன்னே சொல்லிவைக்க. நண்பகற் கொடுவெயிலை விலக்கிக் காலையும் மாலையுங் கொள்க.

5. கடைப்பிடிக்கத்தக்கன

முதலாவது: இருட்டுமுன் திரையை விலக்கிப் பகலொளியை விளையாட்டுக்கு விடுக.

இரண்டாவது: நித்திரைக்கு 1 மணித்தியாலத்துக்கு முன்னே திரையை நிறுத்துக. கைத்தொலைபேசி இரவிலே பிள்ளையின் படுக்கையருகே இருத்தலாகாது.

மூன்றாவது: உணவு வேளையிலே திரை காட்டி ஊட்டற்க. அங்ஙனம் உண்ணும் பிள்ளை பசியையும் அறியாது, நிறைவையும் அறியாது.

நான்காவது: பாடத்துக்குத் திரை கொடுக்கின், பாடம் முடிந்தவுடன் திரும்ப வாங்குக.

ஐந்தாவது: வாரத்தில் ஒருநாள் மாலையையேனும் ரியூசனுக்கு விற்காது பிள்ளைக்கே விடுக.

ஆறாவது: இவற்றைப் பெற்றோர் தாமும் கைக்கொள்க. தந்தையார் கைத்தொலைபேசியினின்று கண்ணெடாமலே மகனை வெளியே போய் விளையாடு என்பாராயின், மகன் கற்பது தந்தையின் சொல்லையன்று, செயலையேயாம்.

பிள்ளைப்பருவம் சில ஆண்டுகளே. கண் வளரும் காலமும் அதுவே. பரீட்சைகள் பலவற்றில் ஒருமுறை தவறின் மறுமுறை எழுதலாம். அப்பருவத்துப் பகற்பொழுது மறுமுறை வாராது. ஆதலாற் பெற்றோரும் ஆசிரியரும் இன்றே தத்தம் பிள்ளைகளின் 24 மணித்தியாலக் கணக்கை ஒரு தாளில் எழுதிப் பார்த்து, வெயிலுக்குரிய இரண்டையும் அவர்க்கு மீட்டுக் கொடுப்பார்களாக.