திருப்பத்தில் மட்டும் கேட்கும் சத்தம்

கேள்வி: என்னுடையது முன்சக்கரங்கள் இழுத்து ஓடும் சிறிய கார். 80,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. நேராகப் போகும்போது ஒரு குறையும் இல்லை. யூ டர்ன் எடுக்கும்போதும், பார்க்கிங்கிலிருந்து ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து வெளியே வரும்போதும் முன்சக்கரத்துப் பக்கம் ‘டக் டக் டக்’ என்று சத்தம் வருகிறது. ஆக்ஸில் போய்விட்டது, மாற்ற வேண்டும் என்கிறார் ஒரு மெக்கானிக். கிரீஸ் அடைத்தால் போதும், இன்னும் ஒரு வருஷம் ஓடும் என்கிறார் இன்னொருவர். வீல் பேரிங்காக இருக்கும் என்கிறார் நண்பர். யார் பேச்சைக் கேட்பது?
— ஒரு வாசகர், தென்காசி

பதில்: மூவரில் யார் சொல்வது சரி என்பதைச் சத்தத்திடமே கேட்டுவிடலாம். அது எப்போது வருகிறது, எப்போது வருவதில்லை என்ற இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் பழுது எங்கே என்று பெரும்பாலும் பிடிபட்டுவிடும். நேராக ஓடும்போது இல்லை. ஸ்டியரிங்கை ஒடித்து, எஞ்சின் சக்கரத்தை இழுக்கும்போது வருகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த விவரம் டிரைவ் ஷாஃப்ட்டின் வெளிமுனையில், சக்கரத்தை ஒட்டி இருக்கும் சி.வி. ஜாயிண்ட்டையே சுட்டுகிறது. பட்டறைகளில் ‘ஆக்ஸில் சத்தம்’ என்று சொல்வது இதைத்தான். ஆனாலும் ஜாயிண்ட்டை மாற்றிவிட்டால் எல்லாம் முடிந்தது என்று எண்ண வேண்டாம். அதைக் கெடுத்தது வேறொன்று. அதைக் கவனிக்காவிட்டால் புது ஜாயிண்ட்டும் இதே வழியில் போகும்.

அந்த ஜாயிண்ட்டுக்கு இருக்கும் வேலையைப் பாருங்கள். 1983இல் மாருதி 800 வந்ததிலிருந்து நம் ஊரில் ஓடும் சிறிய கார்களில் பெரும்பாலானவை முன்சக்கரங்களால் இழுக்கப்படுபவை. அந்தச் சக்கரங்கள் எஞ்சினின் விசையை வாங்கிச் சுற்ற வேண்டும், இடம் வலம் திரும்ப வேண்டும், மேடு பள்ளத்தில் ஏறி இறங்கவும் வேண்டும். லாரியின் அடியில் ஓடும் நீண்ட ஷாஃப்ட்டில் உள்ள சிலுவை வடிவ ஜாயிண்ட்டை இங்கே போட்டால், 30 டிகிரி வளைவில் சக்கரத்தின் வேகம் ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை சுமார் 13 சதவீதம் குறைந்து, 15 சதவீதம் கூடும். ஒவ்வொரு திருப்பத்திலும் கார் உதறும். இதற்கு ஒரு தீர்வை 1920களில் ஃபோர்டு நிறுவனப் பொறியாளர் ஆல்ஃபிரட் ஷெப்பா வடிவமைத்தார். கிண்ணம் போன்ற ஒரு வெளி உறுப்பு, அதற்குள் ஒரு உள் உறுப்பு, இரண்டிலும் எதிரெதிரே வெட்டிய ஆறு தடங்கள், அவற்றில் உருளும் ஆறு எஃகுக் குண்டுகள், குண்டுகளை இடம் மாறாமல் பிடித்துவைக்கும் ஒரு கூடு. ஷாஃப்ட் எவ்வளவு வளைந்தாலும் குண்டுகள் அந்தக் கோணத்தைச் சரிபாதியாகப் பிரிக்கும் தளத்திலேயே நிற்கின்றன. அதனால் 45 டிகிரி அளவுக்கு வளைந்தாலும் சக்கரம் சீராகச் சுற்றுகிறது.

நேராக ஓடும்போது இந்தக் குண்டுகள் தடத்தின் நடுவில் ஏறக்குறைய ஒரே இடத்தில் நிற்கும். ஒடித்துத் திருப்பும்போது ஒவ்வொரு சுற்றிலும் தடத்தின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குப் போய் வரும். தடத்தில் குழி விழுந்திருந்தால், எஞ்சினின் இழுவையைச் சுமந்தபடி குண்டு அந்தக் குழியில் இறங்கி ஏறும். நீங்கள் கேட்கும் ‘டக்’ அதுதான். சத்தத்தின் தாளம் சக்கரத்தோடு ஒத்துப்போவதும் இதனால்தான். 165/80 ஆர்14 டயர் ஒரு சுற்றுக்கு இரண்டு மீட்டருக்குச் சற்றுக் குறைவாக நகரும். மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் விநாடிக்கு ஏறத்தாழ ஒன்றரைச் சுற்று. வேகம் கூடினால் தாளம் நெருங்கும். நின்ற இடத்தில் எஞ்சினை எவ்வளவு உறுமவிட்டாலும் சத்தம் வராது.

முன்சக்கரத்தில் சத்தம் தரக்கூடியவை வேறு எத்தனையோ இருக்கின்றனவே என்று கேட்கலாம். இருக்கின்றன, ஆனால் ஒவ்வொன்றுக்கும் தனி வேளை உண்டு. டயர் இடுக்கில் சிக்கிய கல்லும் தளர்ந்த வீல் கப்பும் நேராகப் போகும்போதும் தட்டும். வீல் நட் தளர்ந்தாலும் அப்படித்தான். ஆபத்து அதில் மிக அதிகம் என்பதால் எந்தச் சோதனைக்கும் முன்னால் நட்டுகளை முடுக்கிப் பாருங்கள். வண்டி நிற்கும்போதே ஸ்டியரிங்கைத் திருப்பினால் ‘டங்’ என்றால் ஷாக் அப்சார்பரின் மேல் மவுண்ட்டைச் சந்தேகிக்கலாம். மேடு பள்ளத்தில் தட்டினால் லிங்க் ராடும் பால் ஜாயிண்ட்டும். முன்னே போய்ப் பின்னே வரும்போது ஒரே ஒரு தட்டுக் கேட்டால் பிரேக் பேட் இடம் மாறி உட்காருகிறது. உங்கள் நண்பர் சொல்லும் வீல் பேரிங் பெரும்பாலும் ‘ஊம்’ என்று இரையும். நேராகப் போகும்போதே வேகத்தோடு ஏறும். கியர்பாக்ஸ் பக்கத்து உள் ஜாயிண்ட் தேய்ந்தாலோ, நேராக வேகமெடுக்கும்போதே கார் அதிரும். பொலேரோ, ஈக்கோ போலப் பின்சக்கரத்தால் ஓடும் வண்டி என்றால் முன்பக்கம் டிரைவ் ஷாஃப்ட்டே கிடையாது. இத்தனையையும் கழித்தால் உங்கள் காருக்கு மிஞ்சுவது வெளி ஜாயிண்ட்தான்.

அதை உறுதிசெய்ய, ஆள் நடமாட்டம் இல்லாத காலி மைதானம் போதும். ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து, முதல் கியரில் மெல்ல வட்டமடியுங்கள். ஆக்ஸிலேட்டரைச் சற்று மிதித்தும் விட்டும் பாருங்கள். மிதிக்கும்போது சத்தம் ஓங்கி, விட்டதும் அடங்கினால் சந்தேகம் பெரிதும் தீர்ந்தது. பிறகு மறுபக்கம் ஒடித்துப் பாருங்கள். எந்தத் திருப்பத்தில் சத்தம் அதிகமோ அதை வைத்து இடமா வலமா என்று தீர்மானிப்பது வழக்கம். அதை மட்டும் நம்ப வேண்டாம். திருப்பத்தில் வெளிப்பக்கச் சக்கரம் அதிகச் சுமை தாங்குகிறது, உட்பக்கச் சக்கரம் அதிகமாக வளைகிறது. இரண்டில் எது வேண்டுமானாலும் கத்தலாம்.

கண்ணால் பார்த்துத் தீர்மானிப்பதே நம்பகமானது. ஸ்டியரிங்கை ஒடித்து நிறுத்தி, எஞ்சினை அணைத்துவிட்டு, சக்கரத்தின் உட்புறத்தில் டார்ச் அடித்துப் பாருங்கள். மடிப்பு மடிப்பாக ஒரு கறுப்பு ரப்பர் உறை தெரியும். பட்டறைகளில் அதற்குப் பெயர் பூட். அது கிழிந்திருந்தாலோ, கிளாம்ப் நழுவியிருந்தாலோ, சக்கரத்தின் உட்புறத்தில் கறுப்பு கிரீஸ் வீசியடித்திருக்கும். ஜாயிண்ட்டைக் கெடுத்தது பெரும்பாலும் இந்தக் கிழிசல்தான். சுழலும் வேகத்தில் கிரீஸ் வெளியே வீசப்படுகிறது. அந்த இடத்தில் மழைத் தண்ணீரும் சாலைப் புழுதியும் புகுந்து, மெருகேற்றிய எஃகை உப்புத்தாள் போலத் தேய்க்கின்றன.

இனி கிரீஸ் யோசனைக்கு வருவோம். பூட் கிழிந்தும் சத்தம் தொடங்காத நிலையில் அது சரியான வைத்தியம். ஜாயிண்ட்டைக் கழற்றி, பழைய கிரீஸை முழுக்கக் கழுவி, தடங்களில் குழி இல்லை என்று விரலால் தடவிப் பார்த்து, மாலிப்டினம் கலந்த சி.வி. கிரீஸை பூட் கிட்டில் வந்த அளவு முழுவதும் அடைத்து, புது உறை போட்டால் அந்த ஜாயிண்ட் நெடுங்காலம் உழைக்கும். சத்தம் தொடங்கிவிட்டது என்றால் தடத்தில் குழி விழுந்துவிட்டது என்று பொருள். புது கிரீஸ் சத்தத்தைச் சில நாள் அமுக்கும். தேய்ந்துபோன எஃகு திரும்ப வளராது.

ஒரு வருஷம் ஓடும் என்பதை முழுப் பொய் என்று தள்ள மாட்டேன். இந்தச் சத்தத்தோடு மாதக்கணக்கில் ஓடும் கார்கள் உண்டு. ஆனால் எந்த நாளில் கூடு உடையும் என்பதை அந்தச் சத்தம் முன்கூட்டிச் சொல்லாது. உடைந்தால் டிஃபரன்ஷியல் விசையை அந்த உடைந்த பக்கத்துக்கே விட்டுவிடும். எஞ்சின் ஓடும், கார் நகராது. மலைப்பாதையில் நின்றுவிட்டால் கியரில் போட்டு நிறுத்துவதும் பிடிக்காது. ஹேண்ட்பிரேக் ஒன்றுதான் துணை. குடும்பத்தோடு கொண்டையூசி வளைவு ஏறும் காரில் அந்தப் பந்தயம் கட்டத் தக்கதல்ல.

ஆகவே முதல் மெக்கானிக்கின் பக்கம் நியாயம் அதிகம். ஆனால் அவரிடமும் மூன்று விஷயங்களைக் கேளுங்கள். உங்கள் காருக்கு வெளி ஜாயிண்ட் தனியாகக் கிடைக்குமா? கிடைத்து, உள் ஜாயிண்ட் நன்றாக இருந்தால் முழு ஷாஃப்ட்டும் தேவையில்லை. ரீகண்டிஷன் செய்த ஷாஃப்ட் என்றால் தடங்களைப் பார்த்தார்களா, உறையை மட்டும் மாற்றினார்களா? ஆக்ஸில் நட் புதிதாகப் போட்டு, கம்பெனி சொன்ன அளவுக்கு டார்க் ரெஞ்சால் முடுக்குவார்களா? அந்த முடுக்கம் பிழைத்தால் வீல் பேரிங்கும் கெடும். ஷாஃப்ட்டைக் கியர்பாக்ஸிலிருந்து உருவினால் ஆயில் சீலையும் பார்த்து, சிந்திய ஆயிலை நிரப்பச் சொல்லுங்கள். வேலை முடிந்ததும் அதே மைதானத்தில் அதே வட்டத்தை அடித்துப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். சத்தம் மிச்சமிருந்தால் மறுபக்க ஜாயிண்ட்டையும் திறந்து பார்க்க வேண்டும்.

வண்டி பட்டறையில் நிற்கும்போதே மீதி மூன்று பூட்களையும் டார்ச் அடித்துப் பாருங்கள். அதன்பின் டயர் மாற்றிப் போடும் ஒவ்வொரு முறையும் பாருங்கள். வெடிப்பு விட்ட உறையைக் கிரீஸ் சிந்துமுன் மாற்றிவிட்டால், எஃகுக்குச் சேதம் வராது. இந்தச் சத்தத்துக்கும் வழி இருக்காது.