மக்களின் தீர்ப்பு

நாட்டிற்குரிய சட்டங்களை இயற்றுவது பாராளுமன்றத்தின் கடமை. ஆனால், அப்பாராளுமன்றத்திற்கே அதிகாரம் அளித்த அரசியல் அமைப்பைத் திருத்தும் உரிமை யாருக்கு உரியது? ஆஸ்திரேலிய நாட்டினர் இவ்வினாவிற்குக் கண்ட விடை அறியத்தக்கது.

ஆஸ்திரேலியா, ஆறு மாநிலங்கள் ஒன்றுகூடி அமைத்த கூட்டாட்சி நாடு. அதன் அரசியல் அமைப்பு 1901ஆம் ஆண்டு சனவரித் திங்கள் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. அதனைத் திருத்தும் முறையை 128ஆம் பிரிவு வகுத்துரைக்கின்றது. திருத்த மசோதாவை முதலில் பாராளுமன்றத்தின் இரு சபைகளும், தத்தம் மொத்த உறுப்பினருள் பாதிக்கு மேற்பட்டோர் ஆதரவுடன் நிறைவேற்றல் வேண்டும். ஒரு சபை இருமுறை நிறைவேற்றியும் மற்றது இணங்காவிடின், கவர்னர் ஜெனரல் அதனை மக்கள் முன் வைக்கலாம். மசோதா நிறைவேறியபின், இரண்டு திங்களுக்குக் குறையாமலும் ஆறு திங்களுக்கு மிகாமலும் காலம் விட்டுப் பொது வாக்கெடுப்பு நடைபெறும். மக்கள் ஆய்ந்து முடிவு செய்ய இவ்விடைக்காலம் உதவுகின்றது.

திருத்தம் வெற்றி பெற இரண்டு பெரும்பான்மைகள் தேவை. நாடு முழுவதிலும் வாக்களித்தோருள் பெரும்பாலோர் அதனை ஏற்க வேண்டும். அத்துடன், ஆறு மாநிலங்களுள் நான்கிலேனும் பெரும்பாலோர் ஏற்க வேண்டும். மக்கள் மிகுந்த மாநிலங்கள், டாஸ்மேனியா போன்ற சிறு மாநிலங்களின் கருத்தைப் புறக்கணித்துவிடாதபடி இவ்விதி காக்கின்றது. 1937ஆம் ஆண்டில் விமானப் போக்குவரத்துப் பற்றிய திருத்தத்தை நாட்டு மக்களுள் பெரும்பாலோர் ஆதரித்தனர். எனினும், இரண்டு மாநிலங்களே இசைந்தமையால் அது தோல்வியுற்றது.

ஆளுவோரின் விருப்பத்திற்கும் இவ்விதி எல்லை வகுக்கின்றது. கம்யூனிஸ்டுக் கட்சியைக் கலைப்பதற்கு 1950ஆம் ஆண்டில் பாராளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. அச்சட்டம் செல்லாது என நாட்டின் தலைமை நீதிமன்றம் 1951 மார்ச்சில் தீர்ப்பளித்தது. அடுத்த திங்களில் நிகழ்ந்த பொதுத்தேர்தலில் தலைமை அமைச்சர் மென்சீஸின் அரசாங்கமே வென்றது. உடனே அது, அரசியல் அமைப்பைத் திருத்தி அவ்வதிகாரத்தைப் பெற முயன்றது. ஆனால், செப்டம்பரில் நடைபெற்ற வாக்கெடுப்பில் மக்கள் அதற்கு இசையவில்லை. ஆட்சியை ஒப்படைத்த அதே மக்கள், கேட்ட அதிகாரத்தைக் கொடுக்க மறுத்தனர்.

நல்ல மாற்றத்திற்கு மக்கள் மனமுவந்து இசைந்ததும் உண்டு. அந்நாட்டின் பழங்குடியினரை மக்கள்தொகைக் கணக்கில் சேர்க்காமல் ஒதுக்கிய விதி முதலியவற்றை நீக்குதற்கு 1967ஆம் ஆண்டில் வாக்கெடுப்பு நடந்தது. நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் அதனை ஆதரித்தனர். ஆறு மாநிலங்களும் ஏற்றன.

1906 முதல் 2023 வரை மக்கள் முன் வைக்கப்பட்ட திருத்தங்கள் 45. அவற்றுள் வென்றவை எட்டே. இவ்வளவு கடினமான முறை, தேவையான மாற்றத்தையும் தடுக்கும் எனக் குறை கூறுவாரும் உளர். ஆயினும், அன்றாடச் சட்டங்களைப் பிரதிநிதிகளிடம் விடுத்து, அடிப்படைச் சட்டத்தைத் தம் கையிலேயே வைத்துக்கொள்ளும் மக்கள், அவ்வுரிமைக்கு ஏற்ற பொறுப்பையும் தாங்கியே ஆதல் வேண்டும். ஆய்ந்தறிந்து அளிக்கும் வாக்கே அப்பொறுப்பை நிறைவேற்றும்.