விழித்திரை

நண்பகல் வெயிலிலிருந்து திரைப்படக் கொட்டகையினுள் நுழைகின்றவன் முதலில் ஒன்றும் காணாது இடறுகின்றான். சிறிது பொழுதில் அருகிருப்போர் உருவம் புலப்படும். கண் இருளுக்கு முற்றும் பழக ஏறத்தாழ அரைமணி நேரம் ஆகும். கண்ணின் பாவை விரிவதே இதற்குக் காரணம் எனப் பலர் கருதுவர். பாவையோ சில நொடிகளிலேயே பெரும்பாலும் விரிந்துவிடும். எஞ்சிய பொழுதில் நிகழும் வேலை கண்ணின் பின்புறத்தேயுள்ள விழித்திரைக்கு உரியது.

மெல்லிய ஏடு போன்ற அத்திரையில் ஒளியை உணரும் கோலணுக்கள் ஏறத்தாழ 12 கோடியும், கூம்பணுக்கள் ஏறத்தாழ 60 லட்சமும் உள்ளன. கூம்பணுக்கள் பகலில் நிறத்தையும் நுட்பத்தையும் காட்டுவன. கோலணுக்கள் மங்கிய ஒளிக்கு உரியன, நிறம் அறியாதன. நிலவொளியில் செம்பருத்தி கருத்துத் தோன்றுவது இதனாலேயே.

1876-ஆம் ஆண்டில் உரோம் நகரில் ஃபிரான்ஸ் போல் என்னும் அறிஞர், இருளில் வைத்திருந்த தவளையின் விழித்திரையை எடுத்து நோக்கினார். செவ்வூதா நிறத்ததாய் இருந்த அது, வெளிச்சம் பட்டதும் வெளுத்துப் போயிற்று. கோலணுக்களிலுள்ள ரொடாப்சின் என்னும் நிறமியே அவர் கண்டது. ஒளியால் மாறுபடும் அந்நிறமி இருளில் மீண்டும் உருவாகும். கொட்டகையில் நாம் காத்திருப்பது அதற்காகத்தான்.

இருளில் கோலணு வாளா இருக்கும், ஒளி பட்டவுடன் பேசும் என்றே எவரும் எண்ணுவர். உண்மை இதற்கு நேர்மாறானது! இருளில் அது அடுத்த அணுவிடம் ஒரு வேதிப்பொருளை இடையறாது சொரிந்தவண்ணம் இருக்கும். ஒளி பட்டதும் அச்சொரிவு குறையும். அக்குறைவே செய்தி. இடையிலுள்ள அணுக்கள் அச்செய்திகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டுச் சுருக்குகின்றன. மூளைக்குச் செல்லும் நரம்பிழைகள் ஏறத்தாழ 10 லட்சமே.

ரொடாப்சின் உருவாக வைட்டமின் 'ஏ' வேண்டும். உணவில் அது குறைந்தால் குழந்தை அந்திப்பொழுதில் தட்டுத் தடுமாறும். இதுவே மாலைக்கண். தொடக்கத்திலேயே கவனித்தால் மருந்தாலும், முருங்கைக்கீரை, பப்பாளி போன்ற உணவாலும் பார்வை மீளும். கவனியாது விட்டால் கருவிழி வறண்டு புண்ணாகிப் பார்வை நிலையாக அழியவும் கூடும்.

பிறவியிலேயே மரபு வழி வரும் விழித்திரை நோயொன்றும் இரவுப் பார்வையைக் கெடுத்தே தொடங்குகிறது. அதில் குறைவது சத்தன்று, கோலணுக்களே மடிகின்றன. பின்னர்ப் பக்கப் பார்வை குறுகி, குழாய் வழியே நோக்குவது போலாகும். இறுதியில் கூம்பணுக்களும் அழியலாம். ஆயினும் அவற்றிற்கு உட்புறத்தேயுள்ள நரம்பணுக்கள் பல நெடுநாள் உயிரோடிருக்கும். அவற்றிற்குச் செய்தி கொடுப்பார்தாம் இல்லை.

அந்த நரம்பணுக்களுக்கே ஒளியுணர்வு ஊட்டினால் என்ன? 2021-ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்றில், இந்நோயால் பார்வையிழந்த 58 வயதினர் ஒருவரின் கண்ணில், பாசியினத்து ஒளியுணர் புரதம் ஒன்றினை ஆக்கும் மரபுக்கூறு செலுத்தப்பட்டது. பல திங்கள் பயிற்சிக்குப்பின், ஒளியைத் திருத்தி அனுப்பும் தனிக் கண்ணாடியை அணிந்து, மேசைமேல் இருந்த குறிப்பேட்டைக் கண்டு கைநீட்டித் தொட்டார். அக்கண்ணாடி இன்றி அவரால் அதனைக் காண இயலவில்லை.