விடுமுறையில் ஒரு நாவல்: மூன்று தடவை வாசித்தேன்

நான் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் மூன்றாம் ஆண்டு மாணவன். போன நீண்ட விடுமுறையில், ஆங்கிலப் பாடத்துக்காக ஒரு நாவலை வாசித்து அலசிக் கட்டுரை எழுதி வரச் சொன்னார்கள். "கணக்கு போடுறவனுக்கு நாவல் எதுக்கு?" என்று முணுமுணுத்துக்கொண்டே, பட்டியலில் மெல்லிய புத்தகமாகப் பார்த்து எடுத்தேன். கே.எஸ். மணியம் எழுதிய 'தி ரிட்டர்ன்'.

மணியம் 1942-இல் கெடாவிலுள்ள பீடோங்கில் பிறந்தவர். மலாயா பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் போதித்தவர். 2020-இல் காலமானார். இந்த நாவல் 1981-இல் வெளிவந்தது. கதை இதுதான்: இந்தியாவிலிருந்து பிள்ளைகளோடு வந்த பெரியதாய், ஊர் ஊராகப் பொருள் விற்றுப் பிழைத்து ஒரு வீடு கட்டுகிறாள். மகன் நைனா டோபி வேலை செய்கிறார். பேரன் ரவி தமிழ்ப் பள்ளியிலிருந்து ஆங்கிலப் பள்ளிக்கு மாறி, இங்கிலாந்தில் படித்து, ஆசிரியராகத் திரும்புகிறான். கதையைச் சொல்பவனும் ரவிதான்.

சமய வகுப்பில் கேட்டல், சிந்தித்தல், தெளிதல் என்று படித்திருப்போம். நாவல் வாசிக்கவும் அதே மூன்று படிகள் எனக்கு உதவின.

முதல் படி: கேட்டல்

முதல் தடவை குறிப்பு எடுக்க வேண்டாம். கதையைக் கதையாகக் கேளுங்கள். கோபமோ கூச்சமோ வரும் இடத்தில் பென்சிலால் ஒரு புள்ளி மட்டும் வையுங்கள்.

என் புள்ளிகள் எல்லாமே ரவி தன் வீட்டாரை விட்டு விலகிப் போகும் இடங்களில் விழுந்தன. ஏன் என்று அப்போது யோசிக்கவில்லை. உடனே உட்கார்ந்து, "இந்த நாவல் கல்வியின் முக்கியத்துவத்தைச் சொல்கிறது" என்று கட்டுரையைத் தொடங்கினேன். சீனியர் அக்கா ஒருவரிடம் காட்டினேன்.

"தம்பி, இதை யாராவது மறுத்துப் பேச முடியுமா?"

"முடியாதுக்கா."

"அப்போ இது அலசல் இல்ல, போஸ்டர்."

இரண்டாம் படி: சிந்தித்தல்

இரண்டாவது தடவை, எந்தப் பொருள் திரும்பத் திரும்ப வருகிறது என்று பாருங்கள். நான் நோட்டில் இரண்டு கட்டம் போட்டேன். ஒன்றில் 'வீடு', இன்னொன்றில் 'நெருப்பு'. வரும் பக்க எண்களை மட்டும் எழுதிக்கொண்டே போனேன்.

பெரியதாய் கட்டிய வீடு நிற்கும் நிலம் காகிதத்தில் அவளுடையது இல்லை. அதற்காகக் கடைசிவரை போராடுகிறாள். பிற்பாடு நைனாவும் ஆற்றோரத்தில் ஒரு வீடு கட்டுகிறார். அந்த நிலத்துக்கும் அவரிடம் உரிமை இல்லை. ஆக, அம்மா பட்ட அதே பாட்டை மகனும் படுகிறார்.

நெருப்பு? பெரியதாய் வீட்டில் வெள்ளிக்கிழமை பூஜை நடக்கும். அங்கே நடராசர் இருக்கிறார், தீ வளையத்துக்குள். முடிவில் மனம் கலங்கிய நைனா, தன் வீட்டோடு தீயில் போய்விடுகிறார்.

இங்கே இன்ஜினியரிங் மூளை கொஞ்சம் வேலை செய்தது. ஒரு தூணை எடுத்தால் கட்டடம் நிற்குமா என்று பார்ப்போமே, அதே சோதனை. அந்த பூஜைக் காட்சிகளை எடுத்துவிட்டால், முடிவில் வரும் தீ ஒரு விபத்துச் செய்தி போல ஆகிவிடும். அவை இருப்பதால்தான், பாட்டியைத் தாங்கிய நம்பிக்கை மகனிடம் வந்தபோது என்ன ஆயிற்று என்ற கேள்வி எழுகிறது.

மூன்றாம் படி: தெளிதல்

மூன்றாவது தடவை முழுவதும் வாசிக்க வேண்டாம். புள்ளி வைத்த இடங்களை மட்டும் வாசியுங்கள். "இதை யார் சொல்கிறார்? அவர் சொல்வதை அப்படியே நம்பலாமா?" என்று கேளுங்கள்.

ரவியின் கண்ணில் நைனா பிடிவாதக்காரர். ஆனால் அது ரவியின் கணிப்பு. மணியமும் இங்கிலாந்தில் ஆசிரியர் பயிற்சி பெற்றவர்தான். அதற்காக ரவி நினைப்பதெல்லாம் மணியம் நினைப்பது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ரவிக்குப் புரியாத ஒன்றை, அவன் வாயாலேயே நமக்குக் காட்டிவிட முடியும் எழுத்தாளரால்.

கடைசியில் நான் எழுதிய வாக்கியம் இது: "ரவியின் ஆங்கிலக் கல்வி அவனுக்கு வெளியே போக வழி கொடுத்தது, ஆனால் பாட்டியும் அப்பாவும் தேடிய நிலத்தை அது யாருக்கும் கொடுக்கவில்லை." இதை நீங்கள் மறுக்கலாம். நான் பக்கத்தைக் காட்டி வாதாடலாம். அலசல் என்றால் இவ்வளவுதான்.

என் புள்ளிகள்

அந்தப் புள்ளிகளுக்கும் பதில் சொல்ல வேண்டுமே. இடைநிலைப் பள்ளியில் படிக்கும்போது, அப்பா வேலை உடுப்போடு என்னை ஏற்ற வருவார். "கேட்டுக்கு அந்தப் பக்கமா நில்லுங்கப்பா" என்று ஒருநாள் சொன்னேன். ஏன் என்று கேட்காமல் அன்றிலிருந்து அங்கேயே நின்றார். முதல் வாசிப்பில் நான் முழுக்க ரவி பக்கம் நின்றதற்குக் காரணம் இதுதான். என் குற்றத்தை அவன் எனக்காக நியாயப்படுத்திக் கொடுத்தான்.

கட்டுரையை முடித்த அன்று பாட்டியிடம் கேட்டேன்: "தோட்டத்து வீடு யாரு பேருல இருந்துச்சு, பாட்டி?"

"கம்பெனி வீடுடா. வாசல்ல நட்ட முருங்கை மட்டும் நம்மளது."

அப்பா பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். அந்தக் கேட் விஷயத்தைப் பற்றி அவரிடம் நான் இன்னும் பேசவில்லை. பேசுவேன்.

நீங்களும் செய்து பாருங்கள்

1. இந்த விடுமுறைக்கு ஒரு நாவலைத் தேர்ந்தெடுங்கள். சுருக்கத்தை முதலில் தேடாதீர்கள்.
2. திரும்ப வரும் ஒரு பொருளைப் பிடித்து, பக்க எண்களைக் குறியுங்கள்.
3. நண்பர் ஒருவர் மறுக்கக்கூடிய ஒரு வாக்கியம் எழுதி, அடுத்த கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். வாதாடுவோம்.