பள்ளியும் பள்ளிக்கூடமும்

அன்புள்ள மருமகளே,

எட்டாம் வகுப்புக்கு மூணாறில் கன்னியாஸ்திரிகள் நடத்தும் பள்ளியில் சேரப்போகிறாய் என்று உன் அம்மா போனில் சொன்னாள். மகிழ்ச்சி. எஸ்டேட் லயத்துப் பிள்ளைக்கு ஹைஸ்கூல் எப்படிக் கைக்கு எட்டியது என்று நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

மலையாளத்தில் 'பள்ளி' என்றால் கிறிஸ்தவக் கோயிலையும் குறிக்கும். நமக்கு அது படிக்கும் இடம். சமண முனிவர்கள் தங்கிய பள்ளிகளில் பாடம் நடந்ததால் வந்த பெயர் என்பார்கள். கேரளத்தில் இரண்டும் ஒரே வளாகத்துக்குள் வந்ததற்குக் கத்தோலிக்கப் பாதிரியார் குரியாக்கோஸ் எலியாஸ் சாவரா முக்கியக் காரணம். 1846இல் மன்னானத்தில் சமஸ்கிருதப் பள்ளி தொடங்கியவர், 1864இல் ஒவ்வொரு கோயிலோடும் ஒரு பள்ளி வேண்டும் என்று உத்தரவிட்டார்.

நம் மலையில் கண்ணன் தேவன் கம்பெனி 1897இல் உருவானது. மறு ஆண்டே ஸ்பெயின் நாட்டுக் கார்மல் சபைத் துறவி அல்போன்ஸ் அடிகளார் வந்து சேர்ந்தார். மூணாறு மவுண்ட் கார்மல் கோயிலின் தொடக்கம் அதுதான். கோயிலுக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் கங்காணிகள் அழைத்துவந்த தமிழ்த் தொழிலாளர்கள். பாடமும் அவர்கள் மொழியில்தான் நடந்தாக வேண்டியிருந்தது.

ஆனால் திருச்சபையின் உழைப்பால் மட்டும் பள்ளிகள் வளர்ந்தன என்று சொன்னால் அது பாதி உண்மைதான். அந்நாளில் தனியார் பள்ளி ஆசிரியர்கள் பலர் கையெழுத்திட்ட தொகை ஒன்று, கையில் வாங்கியது வேறு. 1957இல் கேரளக் கல்வி அமைச்சர் ஜோசப் முண்டசேரி கொண்டுவந்த மசோதா, சம்பளத்தை அரசே நேரடியாகக் கொடுக்க வழி செய்தது. அவரும் கத்தோலிக்கர்தான், இருந்தும் திருச்சபை கடுமையாக எதிர்த்தது. உச்ச நீதிமன்றம்வரை போய்த் திரும்பிய அந்தச் சட்டம் 1959இல் நடைமுறைக்கு வந்தது. இந்த விஷயத்தில் முண்டசேரி பக்கமே நியாயம் இருந்தது என்பது என் எண்ணம். அரசு உதவி பெறும் எய்டட் பள்ளிகள் நிலைத்து நின்றது அரசுச் சம்பளத்தால்.

1956இல் மொழிவாரியாக மாநிலங்கள் பிரிந்தபோது, தமிழர் வாழும் தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு இருந்துவிட்டன. பாலக்காட்டுப் பக்கம் சித்தூர்த் தமிழரும் அப்படியே. அதே ஆண்டில், மொழிச் சிறுபான்மைப் பிள்ளைகளுக்குத் தொடக்கக் கல்வி தாய்மொழியில் கிடைக்க வழிசெய்யும் 350ஏ பிரிவு அரசியல் சட்டத்தில் சேர்ந்தது. பள்ளி நடத்தும் உரிமையை மதச் சிறுபான்மையினருக்கும் மொழிச் சிறுபான்மையினருக்கும் சேர்த்தே தருகிறது 30ஆம் பிரிவு. தமிழ் வகுப்புள்ள கத்தோலிக்கப் பள்ளி இரண்டு நிழலிலும் நிற்கிறது.

ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. கேரளத்தில் பிள்ளைகளின் எண்ணிக்கையைப் பார்த்தே ஆசிரியர் பணியிடம் அனுமதிக்கிறார்கள். தமிழ்ப் பிரிவில் தலைகள் குறைந்தால் தமிழ் ஆசிரியர் இடம் போய்விடும். போனது திரும்புவது கடினம். அதனால் நீ தமிழ்ப் பிரிவிலேயே சேர். அடுத்த ஆண்டு தம்பியையும் கூட்டிக்கொண்டு போ.

அன்புடன்,
மாமா