கணவாய்களை அளந்த காலடிகள்

நுழையும்முன்

திறன்பேசியின் திரையில் ஓர் ஊரின் பெயரைத் தட்டியதும் அதன் தொலைவும் உயரமும் நமக்குத் தெரிந்துவிடுகின்றன. அந்த எண்களை யாரோ ஒருவர் முதன்முதலில் கண்டறிந்திருக்க வேண்டும் என்று நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. இமயத்திற்கு அப்பால் உள்ள திபெத்தின் பல இடங்களுக்கு அத்தகைய முதல் எண்களைத் தந்தவர், மலைக்கிராமம் ஒன்றின் பள்ளி ஆசிரியர். வழிபாட்டு மணிமாலையைக் கையில் ஏந்தி, உயர்ந்த கணவாய்களை நடந்தே கடந்த அவரது பணியை இப்பாடம் விளக்குகிறது.

கணவாய் என்னும் சொல்

'கணவாய்' என்றதும் நமக்குப் பாலக்காட்டுக் கணவாயும் செங்கோட்டைக்கு அப்பால் உள்ள ஆரியங்காவுக் கணவாயும் நினைவுக்கு வரும். மேற்குத் தொடர்ச்சி மலை தாழ்ந்து வழிவிடும் இடங்கள் அவை. தொடர்வண்டியும் பேருந்தும் அவற்றைக் கடந்து செல்கின்றன. இமயத்தில் நிலை வேறு. இரு சிகரங்களுக்கு இடையே மலைமுகடு சற்றே தாழ்ந்திருக்கும் இடம்தான் அங்கும் கணவாய். ஆனால், அந்தத் தாழ்வே வானளாவி நிற்கும். தென்னிந்தியாவின் மிக உயர்ந்த சிகரமான ஆனைமுடியின் உயரம் 2,695 மீட்டர். அதன் உச்சியில் இன்னோர் ஆனைமுடியைத் தூக்கி வைத்தால் எவ்வளவு உயரம் வருமோ, ஏறக்குறைய அவ்வளவு உயரத்தில் இருக்கிறது உத்தரகாண்ட் மாநிலத்தின் வடகோடியில் உள்ள ஊண்டா துரா கணவாய்.

அந்த உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழப் பாதிதான். ஆகவே, ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் உயிர்வளியும் பாதியாகிறது. தலைவலி, குமட்டல், உறக்கமின்மை ஆகியன தோன்றும். விரைந்து ஏறுபவரின் நுரையீரலிலும் மூளையிலும் நீர் கோத்து உயிருக்கே ஊறு நேரும். உடல் பழகுவதற்கு நாள்கள் தேவை. ஆதலால், மூவாயிரம் மீட்டருக்கு மேல் செல்வோர் முந்தைய இரவு தங்கிய இடத்தைவிட ஐந்நூறு மீட்டருக்கு மேல் உயராத இடத்திலேயே அடுத்த இரவு தங்க வேண்டும் என்பது இன்றைய மலையேற்ற மருத்துவம் கூறும் நெறி. நேரமும் அங்குக் கணக்கில் வரும். விடியற்காலையில் பனி இறுகிக் கல்போல் இருக்கும். நண்பகலில் இளகி முழங்கால்வரை உள்வாங்கும். காலையில் கணுக்கால் அளவு ஓடிய ஓடை, வெயிலில் பனி உருகியபின் மாலையில் ஆளை அடித்துச் செல்லும். எனவே, கணவாய் ஏறுவோர் இருள் பிரியும் முன்பே புறப்பட்டுவிடுவர்.

சோகார் பள்ளத்தாக்கு

நூல்களில் எழுதப்படுவதற்குப் பல தலைமுறைகளுக்கு முன்பே இவற்றையெல்லாம் அறிந்திருந்தவர்கள் சோகார் பள்ளத்தாக்கின் மக்கள். மிலம் பனியாற்றில் பிறந்து தெற்கு நோக்கிப் பாயும் கோரி கங்கையின் கரையில் அவர்களுடைய சிற்றூர்கள் அமைந்திருந்தன. அவற்றுள் கடைசி ஊர் மிலம். கோடையில் அங்கே தங்கி, திபெத்திய வணிகம் செய்வர். பனி விழத் தொடங்கியதும் ஆடுமாடுகளோடும் குழந்தைகளோடும் தாழ்வான ஊர்களுக்கு இறங்குவர். தானியம், துணி, வெல்லம் ஆகியன வடக்கே சென்றன. உப்பு, கம்பளி, வெண்காரம் ஆகியன தெற்கே வந்தன. சுமந்தவை பெரும்பாலும் ஆடுகள். ஒவ்வோர் ஆட்டின் முதுகிலும் இருபுறமும் சிறு பைகள் தொங்கும். குதிரை கால்வைக்க அஞ்சும் இடத்திலும் ஆடு செல்லும். வழியில் மேய்ந்துகொள்வதால் அதற்குத் தீனி சுமக்க வேண்டியதில்லை.

மிலத்திலிருந்து திபெத்திற்குச் செல்லும் வழியில் ஊண்டா துரா, செயந்தி, குங்ரி பிங்ரி என மூன்று கணவாய்கள் அடுத்தடுத்து வருகின்றன. மூன்றும் ஐயாயிரம் மீட்டருக்கு மேற்பட்டவை. மூன்றையும் ஒரே நாளில் கடப்பதே வணிகர்களின் வழக்கம். இது வீரத்தைக் காட்டச் செய்ததன்று. இடையில் விறகு இல்லை, புல் இல்லை, ஒதுங்க இடமும் இல்லை. அங்கே இரவில் புயலில் சிக்கினால் மந்தையோடு மடிய நேரும்.

இந்த வணிகம் 1962-ஆம் ஆண்டு இந்திய-சீனப் போரோடு நின்றுபோனது. கணவாய்கள் மூடப்பட்டன. மிலத்தின் குடும்பங்கள் முன்சியாரிக்கும் அதற்குக் கீழுள்ள ஊர்களுக்கும் குடிபெயர்ந்தன. முன்சியாரியிலிருந்து ஆற்றையொட்டிய பழைய வழியில் ஏறத்தாழ அறுபது கிலோமீட்டர் நடந்து செல்லும் மலையேற்றப் பயணி, இன்று மிலத்தில் கூரை இழந்த கல்வீடுகளின் வரிசைகளைக் காண்பார். அவற்றின் மரச்சட்டங்களில் செதுக்கிய வேலைப்பாடுகள் ஒரு காலத்தில் அங்கிருந்த செல்வத்தைக் காட்டுகின்றன. கோடையில் மட்டும் சில குடும்பங்கள் திரும்பி வந்து பயிரிடுகின்றன.

அந்த மிலத்தில் 1830-ஆம் ஆண்டு பிறந்தவர் நைன் சிங் ராவத். இளமையிலேயே ஷ்லாகின்ட்வைட் சகோதரர்கள் என்னும் செருமானிய ஆய்வாளர்களுடன் திபெத்தின் ஏரிப்பகுதிகளுக்கும் இலடாக்கிற்கும் சென்று வந்தவர். அதன்பின் சொந்த ஊரின் பள்ளியில் ஆசிரியராக அமர்ந்தவர். 'பண்டிட்' என்னும் பெயர் அவருக்கு வாய்த்ததற்கு அந்த ஆசிரியப் பணியே காரணம்.

சங்கிலி நின்ற இடம்

இந்திய நிலப்பரப்பை அளக்கும் பெரும்பணி நம் மண்ணில்தான் தொடங்கியது. 1802-ஆம் ஆண்டு வில்லியம் லாம்டன் சென்னைப் பரங்கிமலை அருகே ஏழரை மைல் நீளமுள்ள அடிக்கோட்டைச் சங்கிலியால் அளந்தார். அங்கிருந்து முக்கோணத்தின்மேல் முக்கோணமாக நாடெங்கும் கோடுகள் பரவின. கோணங்களை அளக்கப் பயன்பட்ட தியோடலைட் என்னும் கருவியின் எடை அரை டன். 1808-ஆம் ஆண்டு தஞ்சைப் பெரிய கோயிலின்மீது அதனை ஏற்றும்போது கயிறு அறுந்து, கருவி மோதிச் சிதைந்தது. லாம்டன் வாரக்கணக்கில் முயன்று அதனைச் சீர்செய்தார். கோயிலின் உயரத்திற்கே இத்தனை பாடு என்றால் இமயத்தின் உயரத்திற்குச் சொல்லவும் வேண்டுமோ!

ஆயினும், அளவைப்பணி இமயத்தின் அடிவாரம்வரை வந்து சேர்ந்தது. எவரெசுட்டின் உயரத்தையும் தொலைவிலிருந்தே கணக்கிட்டது. அதற்கப்பால் அதனால் செல்ல இயலவில்லை. திபெத் அயல்நாட்டவருக்குத் தன் வாயிலை அடைத்திருந்தது. நிலப்படத்தில் அப்பெருநிலம் பெரும்பாலும் வெற்றிடமாகவே இருந்தது. அப்போது நில அளவைத் துறையில் பணியாற்றிய தாமஸ் மாண்ட்கோமரி என்னும் அலுவலர் ஒரு வழி கண்டார். ஆங்கிலேயர் நுழைய முடியாத கணவாய்களில் சோகார் வணிகர்கள் ஆண்டுதோறும் சென்று வருகிறார்களே! அவர்களுள் கற்றவரைத் தேர்ந்து பயிற்றுவித்தால் போதும். 1863-ஆம் ஆண்டு நைன் சிங்கும் அவருடைய உறவினர் மணி சிங்கும் டேராடூனுக்கு அழைத்து வரப்பட்டனர்.

மாலையும் மணியும்

அங்கே அவர்கள் முதலில் கற்றது நடக்க! மேடாயினும் பள்ளமாயினும் காலடியின் நீளம் மாறாமல் நடக்க வேண்டும். ஏறத்தாழ இரண்டாயிரம் காலடிகள் ஒரு மைல். பௌத்தர்களின் வழிபாட்டு மாலையில் 108 மணிகள் உண்டு. அவர்களுடைய மாலையிலோ 100 மணிகளே இருந்தன. நூறு காலடிக்கு ஒரு மணி நகரும். மாலை ஒருமுறை சுற்றி முடிந்தால் பத்தாயிரம் காலடி, அதாவது ஐந்து மைல். எட்டு மணிகள் குறைந்திருப்பதை யாரும் எண்ணிப் பார்க்கவில்லை.

பிற கருவிகளும் இவ்வாறே ஒளித்து வைக்கப்பட்டன. கையில் சுழற்றும் வழிபாட்டு உருளையினுள் மந்திரச் சுருளுக்கு மாறாக அளவைக் குறிப்புகள் எழுதிய தாள் இருந்தது. யாரேனும் நெருங்கினால் உருளையைச் சுழற்றி முணுமுணுப்பர். வழிபடுபவரிடம் பேச்சுக் கொடுக்க எவரும் விரும்பார். பெட்டியின் பொய்யடியில் செக்சுடன்ட் என்னும் கோணமானி இருந்தது. கைத்தடிக்குள் வெப்பமானி இருந்தது.

வெப்பமானி எதற்கு? உயரம் கூடக் கூட நீரின் கொதிநிலை குறையும். ஏறத்தாழ முந்நூறு மீட்டருக்கு ஒரு பாகை செல்சியசு என்னும் அளவில் அது இறங்கும். ஆதலால், தேநீருக்காகக் கொதிக்கும் நீரில் வெப்பமானியை நனைத்தாலே அவ்விடத்தின் உயரத்தைக் கணக்கிட்டுவிடலாம். சோழிக்குள் அரக்கிட்டு அடைத்த பாதரசத்தின் பயன் இன்னும் நுட்பமானது. அதனைத் திருவோட்டில் ஊற்றினால், அதன் பரப்பு எந்த நிலத்திலும் மட்டமாக நிற்கும். மலைகள் தொடுவானத்தை மறைக்கும் இடத்தில் அதுவே செயற்கைத் தொடுவானம். விண்மீனுக்கும் பாதரசத்தில் தெரியும் அதன் நிழலுக்கும் இடையிலான கோணத்தை அளந்து பாதியாக்கினால் விண்மீனின் உயர்கோணம் கிட்டும்; அதிலிருந்து அவ்விடத்தின் அகலாங்கு கிட்டும்.

இக்கருவிகளின் நுட்பத்தைவிட அந்தக் காலடியின் ஒழுங்கே எனக்கு வியப்பளிக்கிறது. கருவி உயரத்தில் மூச்சு வாங்குவதில்லை. மனிதன் வாங்குவான், வாங்கும்போது அவனுடைய காலடி தானாகவே குறுகும். பனியில் வழுக்கும், இறக்கத்தில் நீளும். அதனை அறிந்து திருத்திக்கொண்டே, பசியிலும் அச்சத்திலும் எண்ணிக்கை தவறாமல் செல்ல வேண்டும்.

லாசாவை நோக்கி

1865-ஆம் ஆண்டு சனவரியில் இருவரும் புறப்பட்டனர். காட்மாண்டு வழியாகத் திபெத்தின் எல்லையை அடைந்தபோது அதிகாரிகள் அவர்களுடைய மூட்டைகளைச் சோதித்தனர். கருவிகள் அகப்படவில்லை, இருப்பினும், நுழைய இசைவு கிடைக்கவில்லை. மணி சிங் வேறு வழி சென்று, முயற்சி கைகூடாமல் திரும்பினார். நைன் சிங் இலடாக்கியராக வேடமிட்டு மீண்டும் முயன்றார். உடன் அழைத்துச் செல்வதாகப் பணம் பெற்ற வணிகர் வாக்குத் தவறினார். வேறொரு துணையோடு இறுதியில் எல்லையைக் கடந்து, இலடாக் வணிகக் குழு ஒன்றுடன் சேர்ந்துகொண்டார்.

வழியில் தாஷிலுன்போ மடத்தில் பஞ்சென் லாமாவைக் காணக் குழுவினருடன் அவரும் செல்ல நேர்ந்தது. மனத்தில் உள்ளதை அறியவல்லவர் என மக்கள் நம்பும் துறவி அவர். ஒற்றராக வந்த நைன் சிங்கின் நெஞ்சம் எவ்வாறு துடித்திருக்கும்! எதிரே அமர்ந்திருந்தவரோ பதினோரு வயதுச் சிறுவர். வழக்கமான நலம் உசாவல்களோடு அச்சந்திப்பு முடிந்தது.

1866 சனவரியில் லாசாவை அடைந்தார். இரவில் விடுதியின் சாளரத்தின் வழியே விண்மீன்களை அளந்தார். கையிருப்புக் கரைந்தபோது நேபாள வணிகர்களுக்குக் கணக்கு எழுதக் கற்பித்துப் பொருளீட்டினார். ஆசிரியத் தொழில் அங்கும் கைகொடுத்தது. ஒரு நாள், இசைவின்றி நகருக்குள் வந்த சீனர் ஒருவர் பொது இடத்தில் தலை துணிக்கப்படுவதைக் கண்டார். காசுமீர வணிகர் இருவர் தம்மை யாரென்று கண்டுகொண்டதையும் உணர்ந்தார். உடனே இருப்பிடத்தை மாற்றிக்கொண்டு, வெளியே நடமாடுவதைக் குறைத்தார். ஏப்ரலில் வணிகக் குழுவோடு மேற்கே திரும்பி, மானசரோவர் வழியாக மீண்டும் கணவாய் ஏறித் தாயகம் வந்தார். ஏறத்தாழ 1,200 மைல் வழியை அவர் அளந்திருந்தார். மைலுக்கு இரண்டாயிரம் என்றால் இருபத்து நான்கு இலட்சம் காலடிகள்! லாசாவின் அகலாங்காக அவர் கண்டது இன்றைய அளவோடு மிக நெருங்கி நிற்கிறது.

தெரியுமா?
திபெத்தின் சாங்போ ஆறும் அசாமின் பிரம்மபுத்திராவும் ஒன்றா என்பது அக்காலத்தின் பெரும் புதிராக இருந்தது. அதனை அறிய 1880-இல் அனுப்பப்பட்ட கிந்துப் என்பவர், எழுதப் படிக்கத் தெரியாதவர். உடன் வந்த லாமா அவரை அடிமையாக விற்றுவிட்டார். தப்பித்த அவர், ஊர் திரும்பாமல் பணியைத் தொடர்ந்தார். அடையாளமிட்ட ஐந்நூறு மரத்துண்டுகளை நாளொன்றுக்கு ஐம்பது வீதம் ஆற்றில் விட்டார். அச்செய்தியைக் கூறும் மடல் உரியவரை அடையவில்லை. ஆகவே, கீழே யாரும் காத்திருக்கவில்லை. மரத்துண்டுகள் காண்பாரின்றி மிதந்து சென்றன.

யாருடைய நிலப்படம்?

நைன் சிங்கின் பணியைப் போற்றும்போது ஒன்றை மறைக்கலாகாது. நிலப்படம் தேவைப்பட்டது ஆங்கிலப் பேரரசுக்கு. அதற்காக அவர், தம் மக்களோடு வாணிகம் செய்த அண்டை நாட்டவரின் வழிபாட்டுப் பொருள்களையே வேடமாக்கிக்கொண்டார். வாயிலை அடைத்து வைத்த திபெத்தியரின் ஐயம் வீணானதன்று; 1904-இல் ஆங்கிலேயப் படை லாசாவினுள் நுழைந்தது. ஆயினும், அந்தப் பேரரசின் நோக்கத்தை அவர் தலையில் முழுதாக ஏற்றிவிட என்னால் இயலவில்லை. மாதச் சிறு ஊதியத்திற்காகப் பிறர் செல்ல அஞ்சிய வழியில் சென்றவர் அவர். பயணம் முடிந்து வெளியான அறிக்கையில் அவருடைய பெயர்கூட இல்லை. 'பண்டிட்' என்று மட்டுமே இருந்தது. மீண்டும் செல்ல வேண்டியவர் என்பதால் காப்பிற்காகச் செய்தது அது என்பர்.

அவர் மீண்டும் சென்றார். 1867-இல் மானா கணவாயைக் கடந்து தோக் சாலுங் பொன்வயல்களைக் கண்டார். 1874-இல் இலே நகரிலிருந்து, ஆடுகளின் முதுகில் மூட்டைகளை ஏற்றி, வடதிபெத்தின் ஆளில்லாப் பெருவெளி வழியே லாசாவை அடைந்து, அங்கிருந்து தவாங் வழியாக அசாமில் இறங்கினார். 1877-இல் இலண்டன் அரச புவியியல் கழகம் அவருக்குப் பொற்பதக்கம் வழங்கியது. 2004-இல் இந்திய அஞ்சல் துறை அவரது அஞ்சல்தலையை வெளியிட்டது.

பனியின் கூசொளியிலும் இரவின் விண்மீன் நோக்கிலும் அவருடைய பார்வை மங்கியிருந்தது. கணவாய் ஏறுவதை விட்டபின் இளைஞர்களுக்கு அளவைப் பயிற்சி அளித்தார். அவருடைய உறவினரான கிசன் சிங்கும் சிறந்த அளவையாளரானார். 1878 முதல் 1882 வரை அவர் மேற்கொண்ட பயணத்தில், கொள்ளையருக்கு அஞ்சி விரைந்த வணிகக் குழுவோடு ஒருமுறை குதிரையில் செல்ல வேண்டியதாயிற்று. நடக்க முடியாதபோது காலடியை எவ்வாறு எண்ணுவது? கிசன் சிங் குதிரையின் வலது முன்னங்காலைப் பார்த்துக்கொண்டே சென்றார். அது மண்ணைத் தொட்ட ஒவ்வொரு முறையையும் எண்ணி, மணியை நகர்த்தினார்.